அஞ்சலை எந்த நோட்டில் இருக்கிறாள்?

போன புதன்கிழமை காலை ஒரு டாக்டரோடு சண்டை போட்டேன்.

அவருடைய டிஸ்பென்சரியிலேயே... பெஞ்சு நிறைய நோயாளிகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க... குரலை உயர்த்தித்தான். நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. "உன்னைச் சரித்திரம் எழுதத்தானே கூப்பிட்டாங்க? சண்டை போடவா கூப்பிட்டாங்க?" என்றார் என் கணவர். நியாயமான கேள்வி. சரித்திரம் எழுதத்தான் கூப்பிட்டார்கள்.

செங்கல்பட்டில் இருக்கிறவர்களுக்கு நான் எந்த டிஸ்பென்சரியைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். மற்றவர்களுக்குப் பெயர் வேண்டாம். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் பெரிய டாக்டர் ஆரம்பித்தது. அவர் காலமாகி நாலைந்து வருஷமாகிறது. இப்போது மகன் பார்க்கிறார். அவருக்கு வழுக்கை விழ ஆரம்பித்தும் ஊருக்கு அவர் சின்ன டாக்டர்தான். பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப் போகிறார். திறப்பு விழாவுக்கு ஒரு மலர். மலரில் டிஸ்பென்சரி வளர்ந்த கதை. அதை நான் எழுத வேண்டும்.

சின்ன டாக்டர் என் தம்பியோடு படித்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "வாராவாரம் எழுதறீங்களே அக்கா... நமக்காக நாலு பக்கம் எழுத மாட்டீங்களா?" என்றார். இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் உச்சி குளிராது? சரி என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையே போய் உட்கார்ந்தேன். உள் அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு தேக்கு பீரோ. பெரிய டாக்டரின் வாழ்நாள் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டார் சின்ன டாக்டர். "எதை வேணும்னாலும் எடுத்துப் படிங்க அக்கா. தடையே இல்லை."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இதனால்தான்.

பெரிய டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்குத் தனியாகச் சீட்டு எழுத மாட்டார். குடும்பத்துக்கு ஒரு நோட்டு. அட்டையில் குடும்பத் தலைவர் பெயர், ஊர், ஒரு நம்பர். உள்ளே வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு மூன்று பக்கம். அப்பாவுக்கு இருமலா? மகன் பக்கத்தைப் புரட்டுவார், அவனுக்கும் இருமல் இருந்ததா என்று பார்ப்பார். "நான் ஆளுக்கு வைத்தியம் பார்க்கிறதில்லே. வீட்டுக்குப் பார்க்கிறேன்" என்பார். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் பார்த்தார். காசநோயை அவர் பிடித்ததெல்லாம் இப்படி நோட்டைப் புரட்டித்தான். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

நோட்டு டிஸ்பென்சரியிலேயே இருக்கும். வீட்டுக்குக் கொடுப்பது ஒரு பித்தளை வில்லை. அதில் நம்பர் மட்டும். வில்லையைக் காட்டினால்தான் பீரோவிலிருந்து நோட்டு வெளியே வரும். காட்டாவிட்டால் கலெக்டரே வந்தாலும் வராது.

எதற்கு இத்தனை கெடுபிடி என்று கம்பவுண்டர் முனிரத்தினத்தைக் கேட்டேன். பெரிய டாக்டர் காலத்திலிருந்து இருக்கிற மனிதர். தலை முழுக்க நரை.

"பொண்ணு பார்க்க வர்றவங்க தொல்லைம்மா" என்றார். "ஒரு பொண்ணைப் பேசி முடிக்கறதுக்கு முன்னாடி இங்க வந்து நைசா கேப்பாங்க. அதுக்கு வலிப்பு கீதா, ஈளை கீதான்னு. ஒரு தபா அப்படி நோட்டைப் பார்த்துட்டு நிச்சயம் பண்ணதையே நிறுத்திட்டாங்க. அதுலேர்ந்து பெரியவரு கறாரா சொல்லிட்டாரு. வில்லை இல்லாம நோட்டு இல்லே. பொண்ணு கட்டிக்கினு போனா அவ பக்கத்துல ஒரு கோடு. மாமியார் வூட்டு நோட்டுல புதுசா ஒரு பக்கம். அந்த வூட்டு சங்கதி இந்த வூட்டு நோட்டுல ஒரு எழுத்து வரக்கூடாது."

எவ்வளவு நல்ல மனசு, பாருங்கள். பெண்ணைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட சட்டம். எனக்கே கண் கலங்கியது. குறித்துக்கொண்டேன்.

பிறகு சும்மா இருக்க முடியாமல் எங்கள் அப்பா நோட்டைத் தேடி எடுத்தேன். என் பக்கம் இருந்தது. எட்டு வயதில் டைபாய்டு. எத்தனை நாள் ஜுரம், என்ன மிக்ஸர், எப்போது கஞ்சி, எப்போது ரசம் சாதம்... எல்லாம் பெரிய டாக்டரின் முத்து முத்தான எழுத்தில். பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. கீழே "விவாகமாகிவிட்டது."

என் மாமனார் நோட்டு இரண்டு தட்டு கீழே. அதையும் எடுத்தேன். அதில் என் பக்கத்துக்குத் தலைப்பு "மூத்த மருமகள்." அவ்வளவுதான். பெயர்கூட இல்லை. டைபாய்டு இல்லை. நான் கல்யாணத்தன்றுதான் பிறந்தேன் போலிருக்கிறது.

சிரிப்புத்தான் வந்தது. வீட்டில் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். இந்தச் சட்டத்தால் யாருக்காவது உயிரே போகக்கூடும் என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள்தான் புதன்கிழமை. கடலோர ஊர்க்காரர்கள் வருகிற நாள். பெரிய டாக்டர் இருந்தவரை புதன்கிழமைகளில் அவரே காரை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போய்விடுவார். கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே பெருகியதும், அந்தப் பக்கம் வேறு டாக்டர்கள் வந்துவிட்டார்கள். சின்ன டாக்டர் போவதை நிறுத்திவிட்டார். பழகிய ஜனங்கள் விடவில்லை. பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக இங்கே வருகிறார்கள்.

நான் உள் அறையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். பத்து, பத்தரை இருக்கும். வாசலில் ஒரு அம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். முனிரத்தினத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் இருந்த அறைக்குள்ளேயே வந்துவிட்டாள். வெளியே யாருக்கும் கேட்கக் கூடாது என்பதற்காக.

பெயர் பவுனம்மா. சதுரங்கப்பட்டினத்துக்காரி. மீன் விற்கிறவள். ஆறு மாசத்துக்கு முன்னால் மகள் அஞ்சலையைப் பக்கத்துப் புதுப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். கரையில் வலையை இழுக்கும்போது அஞ்சலையின் காலில் திருக்கை முள் குத்திவிட்டது. சீழ் வைத்து, ஜுரம் வந்து, மாமியார் இன்று காலை முதல் பஸ்ஸில் இங்கே கூட்டி வந்துவிட்டாள். விஷயம் தெரிந்து பவுனம்மா அடுத்த பஸ்ஸில் ஓடி வந்திருக்கிறாள்.

"அண்ணாத்த, அவளுக்கு ஊசி எழுதிட்டாங்களா?"

"எழுதியாச்சு. ஊசிய கொதிக்க வெச்சிருக்கேன். ஏன்?"

"எங்க வூட்டு நோட்டை எடுத்துப் பாரு அண்ணாத்த. சின்னதுல அவளுக்கு ஒரு ஊசி ஒத்துக்கல. மூஞ்செல்லாம் வீங்கி மூச்சு நின்னுப்பூடுச்சு. பெரிய டாக்டரு சிவப்பு மையில எழுதி வெச்சாரு. இந்த ஊசிய எங்கியும் போடக்கூடாதுன்னாரு."

"இன்னா ஊசி?"

"பேரு எனக்கு இன்னா தெரியும்? எழுதித்தான வெச்சாரு."

"சரி, வில்லைய குடு."

"அது அவரு இடுப்புக் கயித்துல கீது. அவரு கடலுக்குப் போயிக்கீறாரு."

"அப்ப நான் இன்னாம்மா பண்ணுவேன்? பெரியவரு போட்ட சட்டம். வில்லை இல்லாம இது வரைக்கும் நான் ஒரு நோட்டை எடுத்ததில்லே. டாக்டர் கேட்டுட்டுத்தான் எழுதினாரு. மாமியார் வூட்டு நோட்டுல ஒண்ணுமே இல்லியே."

"மெதுவா பேசு அண்ணாத்த. சம்மந்தி வெளிய குந்திக்கினு கீது. அதுக்கு இது தெரியாது."

முனிரத்தினம் கெட்டவர் இல்லை. ஆனால் நோட்டில் இருப்பது ஒன்று, வாயால் சொல்வது ஒன்று என்றால் நோட்டைத்தான் நம்புவார். அப்படியே பழகிவிட்டார். "சாயந்தரம் வில்லைய எடுத்துக்கினு வா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஊசி போடும் அறைக்குப் போய்விட்டார். சாயந்தரம்... ஊசி இப்போது.

நான் எழுந்தேன். பீரோ திறந்திருந்தது. சதுரங்கப்பட்டினத்துக்கு ஒரு முழுத் தட்டு. நம்பர் தெரியாமல் எதை எடுப்பது?

"நம்பர் தெரியுமா அம்மா?"

தெரியாது என்று தலையாட்டினாள்.

"சரி, உங்க வீட்டுக்காரர் பேர் என்ன? அட்டையில பேர் இருக்கும்."

பவுனம்மா என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. ரேஷன் கடையில் பக்கத்தில் நிற்பவளை விட்டுச் சொல்ல வைப்பார்களே, அந்த ரகம். இங்கே சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. மகள் அந்தப் பக்கம், தட்டில் ஊசி சத்தம் கேட்கிறது.

"ஏழுமலை" என்றாள். உடனே இன்னொரு தரம், சத்தமாக. "ஏழுமலைம்மா. கோட்டையாண்ட வூடு."

இரண்டு ஏழுமலை இருந்தார்கள். இரண்டாவது நோட்டில் அஞ்சலை இருந்தாள். பக்கத்தின் குறுக்கே கோடு. "விவாகமாகிவிட்டது." கோட்டுக்கு அடியில், மங்கிப்போகாத சிவப்பு மையில் பெரிய டாக்டர் எழுதியிருந்தது தெளிவாகவே தெரிந்தது. "பென்சிலின் கூடவே கூடாது. உயிருக்கு ஆபத்து."

நோட்டோடு ஓடினேன். நான் ஓடி எத்தனையோ வருஷமாகிறது.

அறையில் முனிரத்தினம் ஒரு கையில் பஞ்சும் ஒரு கையில் ஊசியுமாக நின்றார். அஞ்சலை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். "என்ன மருந்து அது?" என்று கத்தினேன். "பென்சிலின்தான்" என்றார். நோட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். படித்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலை திரும்பினாள். இருபது வயதுகூட இருக்காது. "ஒரு ஊசி உனக்கு ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"மாமியார் வூட்ல சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிக்கினு அனுப்பிச்சு. இது அந்த ஊசிதானான்னு எனக்குத் தெரியாது. கேட்டா மாமி ஏன் கேக்கறன்னு கேக்கும். அதான் கண்ண மூடிக்கினேன்."

இதைக் கேட்ட பிறகுதான் நான் டாக்டர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டது. போட்டது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

சின்ன டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நோட்டை இரண்டு தரம் படித்தார். அப்புறம் வழக்கமான பதில் வந்தது. "நான் கேட்டேனே அக்கா. இதுக்கு முன்னாடி ஊசி ஏதாவது ஒத்துக்காம போச்சான்னு கேட்டேன். அப்படி எதுவும் இல்லைன்னுதான் சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"அவங்க மாமியார்."

"ஊசி யாருக்குப் போடறீங்க தம்பி? மாமியாருக்கா?"

நான் விடவில்லை. ஆறு மாசத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்த பெண்ணின் உடம்பைப் பற்றி மாமியாருக்கு என்ன தெரியும்? பக்கத்திலேயே அந்தப் பெண் நிற்கிறாள். வாய் இருக்கிறது, காது இருக்கிறது. அவளை ஒரு வார்த்தை கேட்டால் என்ன? சரித்திரம் எழுத வந்த நான் யார் வீட்டு நோட்டையும் உருவிப் படிக்கலாம்... தடையே இல்லை. பெற்றவள் தன் மகள் உயிருக்காகக் கேட்டால் வில்லை எங்கே என்று கேட்பீர்கள். அந்த வில்லை நடுக்கடலில் ஒரு மனிதரின் இடுப்பில் இருக்கும். இதுதான் குடும்ப டாக்டரா? யாருடைய குடும்பம்?

இதெல்லாம் நான் சொன்னது. கொஞ்சம் அதிகமாகவும் சொல்லியிருப்பேன். கதவு திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பெஞ்சில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

கதவருகில் அஞ்சலையின் மாமியார் வந்து நின்றிருந்தாள். தனகோட்டி என்று பெயர். உயரமான பெண்மணி. அவளுக்குப் பின்னால் பவுனம்மா தலையைக் குனிந்துகொண்டு. இனி மறைக்க ஒன்றும் இல்லை. ஊருக்கே கேட்டுவிட்டது... என் புண்ணியத்தில்.

"ஏன் சம்மந்தி மறைச்சே?" என்றாள் தனகோட்டி. "ஒரு ஊசி ஒத்துக்கலன்னா பொண்ண வேணாம்னு சொல்லிடுவேனா?"

"சொல்லியிருக்க மாட்டியா?" என்றாள் பவுனம்மா, நிமிராமலே.

தனகோட்டி யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"சொல்லியிருப்பேன்" என்றாள். "பேசி முடிக்கறதுக்கு முன்னாடின்னா சொல்லித்தான் இருப்பேன். மூச்சு நின்ன பொண்ணு எதுக்குன்னு எங்க வூட்ல எல்லாருமே சொல்லியிருப்பாங்க. இப்ப சொல்ல மாட்டேன். அவ என் வூட்டுப் பொண்ணு. டாக்டரே, எங்க நோட்டுலயும் அத்த எழுதுங்க. சிவப்பு மையிலயே எழுதுங்க."

சின்ன டாக்டர் எழுதினார். முதலில் "மருமகள்" என்பதை அடித்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அவளுக்கு ஊசி எழுதிய டாக்டர்... பெயரை அப்போதுதான் கேட்கிறார். "அஞ்சலை" என்றாள். காலைச் சுத்தம் செய்து, வேறு மருந்து கொடுத்தார். பிழைத்தாள். நேற்று விசாரித்தேன், ஜுரம் இறங்கிவிட்டதாம்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது தனகோட்டி நகராமல் நின்றாள்.

"என்னுது எங்க கீது?" என்றாள்.

"எது?" என்றார் டாக்டர்.

"சின்னதுல எனக்கும் ஏதோ மாத்திரை ஒத்துக்காம போச்சு. உடம்பெல்லாம் தடிச்சுப்போயி நாலு நாளு கண்ணு தொறக்கலன்னு எங்கம்மா சொல்லும். உங்கப்பாருதான் பார்த்தாரு. எங்கப்பாரு நோட்டுல கீயணும். கொக்கிலமேடு."

டாக்டர் முனிரத்தினத்தைப் பார்த்தார். முனிரத்தினம் தரையைப் பார்த்தார்.

"உங்க நைனாதான் போயி ரொம்ப வருசமாச்சேம்மா" என்றார் மெல்ல. "ஆம்பளப் புள்ளையும் இல்லே. வாரிசு இல்லாத நோட்டையெல்லாம் இடம் அடைக்குதுன்னு அப்பவே கொளுத்திட்டோம்."

வாரிசு இல்லையாம். வாரிசு எதிரில் நிற்கிறாள். ஐந்தரை அடி உயரத்தில், காதில் தோடு போட்டுக்கொண்டு.

"அப்ப எனக்கு எது ஒத்துக்காதுன்னு யாருக்குமே தெரியாது" என்றாள் தனகோட்டி. கோபமாகச் சொல்லவில்லை. "தின்னு பார்த்தாத்தான் தெரியும்."

மூன்று பெண்களும் பஸ்ஸுக்குப் போனார்கள். அஞ்சலையை இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை நாலு பக்கமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கம் பெரிய டாக்டரைப் பற்றி... ஒரு வார்த்தை பொய்யில்லை, அவ்வளவு பெரிய மனிதர். நாலாவது பக்கம் அந்தப் புதன்கிழமை. சின்ன டாக்டர் படித்துவிட்டுச் சங்கடமாகச் சிரித்தார். "முதல் மூணு பக்கம் பிரமாதம் அக்கா. நாலாவது... விழா மலராச்சே."

போட்டால் நாலும் போடுங்கள், இல்லாவிட்டால் நாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மலரில் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று. முனிரத்தினம் இப்போது மத்தியானத்தில் சாப்பிட்டதும் தூங்குவதில்லையாம். கோடு போட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடி, மாமியார் வீட்டு நோட்டில் பெயரோடு எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறாராம். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. எரிந்துபோன நோட்டுகளுக்கு அவரும்தான் என்ன செய்வார்?

உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீர் லிஸ்ட் எழுதுகிறோமே... குத்துவிளக்கு, குடம், அண்டா, தாம்பாளம், கரண்டி வரைக்கும் ஒன்று விடாமல்...

அதன் கடைசியில், இவளுக்கு எந்த மருந்து ஒத்துக்காது என்று ஒரு வரி சேர்த்து எழுதி, லிஸ்டை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.